கரையும் கரை

மணல் போனால் கரை போகிறது. கரை போனால் தொழில் போகிறது. திருவனந்தபுரத்தின் மீனவ கிராமங்களில், ஒரு ஊரைக் காக்கப் போட்ட கல் அடுத்த ஊரின் வாசலுக்குக் கடலைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

பத்மநாபசுவாமி ஆண்டுக்கு இரண்டு முறை கடலுக்கு வருகிறார். பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆராட்டு ஊர்வலம் புறப்பட்டால் திருவனந்தபுரம் விமான நிலையம் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிடுகிறது. ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரையை அடைகிறது. விமான நிலையமே விலகி வழிவிடும் இந்த ஊர்வலத்தோடு கடல் மட்டும் அவ்வளவு தாராளமாக நடந்துகொள்வதில்லை. சுவாமி நீராடும் மணல்வெளி குறுகிக்கொண்டே போகிறது.

ஒரு காலத்தில் தலைநகரின் மாலைப் பொழுது சங்குமுகத்தில்தான் கழிந்தது. சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1992இல் முடித்த 'சாகரகன்யகா' சிலையைச் சுற்றிக் குழந்தைகள் ஓட, பெரியவர்கள் மணலில் உட்கார்ந்து அஸ்தமனம் பார்த்தார்கள். 2018இல் மணலைத் தாண்டி வந்து கடல் சாலையைக் கடித்தது. 2021 மே மாதம் டவ்தே புயல் வந்தபோது விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு பகுதியே காணாமல் போனது. பூமிக்கடியில் ஆழமாகக் காங்கிரீட் சுவர் இறக்கி, 2022இல்தான் அதை மறுபடியும் திறக்க முடிந்தது. சாலை தப்பியது. மணல் தப்பவில்லை.

சற்றுத் தெற்கே வலியதுறையில் நிற்கும் கடல்பாலத்தின் கதையும் அதுதான். கொச்சி தலையெடுப்பதற்கு முன்பு திருவனந்தபுரத்தின் துறைமுகம் வலியதுறைதான். பழைய பாலம் 1947இல் ஒரு கப்பல் மோதி உடைந்தது. 1956இல் கட்டிய புதிய பாலம் அரை நூற்றாண்டுக்கு மேல் அலைகளைத் தாங்கியது. 2021 புயலில் அதன் ஒரு பகுதி உள்வாங்கிச் சாய்ந்தது. 2024 மார்ச்சில் பாலம் இரண்டாக உடைந்து கடலில் விழுந்தது.

நகரவாசிகளுக்கு இது உலாவப் போன இடம் போன வருத்தம். பாலத்தின் இரு பக்கமும் நெருக்கியடித்து வாழும் மீனவர்களுக்கு அப்படியல்ல. வலியதுறை, செறியதுறை, பீமாபள்ளி, பூந்துறை என்று தெற்கு நோக்கிப் போகப் போக, முன்வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது அலை இருக்கிறது. முன்பு இரண்டாம் வரிசையாகவும் மூன்றாம் வரிசையாகவும் இருந்தவை இன்று முன்வரிசைக்கு வந்து நிற்கின்றன.

பொழியூரிலிருந்து இடவா வரை நீளும் திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 78 கி.மீ. இதில் 42 மீனவ கிராமங்கள். நிலைமை இந்த மாவட்டத்தோடு நிற்கவில்லை. கடலோர ஆராய்ச்சிக்கான தேசிய மையம் 1990 முதல் 2016 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டின் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. மேற்கு வங்கத்தில் 63 சதவிகிதம்; கேரளத்தில் 45; தமிழ்நாட்டில் 41.

மலையாளப் பத்திரிகைகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதற்குப் பயன்படுத்தும் சொல் 'கடலாக்கிரமணம்'. கடல் படையெடுத்து வருகிறது என்று பொருள். ஆனால் கடல் எப்போதும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நடுவில் நின்ற மணல்தான் போய்விட்டது என்பது விஞ்ஞானிகள், மீனவர்கள் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் விஷயம். மணலை யார் எடுத்தார்கள் என்பதில்தான் தகராறு.

மணலின் வரவு செலவு

கடற்கரை மணல் ஒரு இடத்தில் நிலையாக இருப்பதில்லை. இடவப்பாதி மழை தொடங்கியதும், அதாவது மே கடைசி, ஜூன் முதல் வாரத்தில், உயரமான அலைகள் கரையைச் சுரண்டி மணலைக் கடலுக்குள் கொண்டுபோய்ச் சற்றுத் தூரத்தில் மேடாகக் குவிக்கின்றன. மழை ஓய்ந்து கடல் அமைதியானதும் சின்ன அலைகள் அதே மணலை மெல்ல மெல்லக் கரைக்குத் திருப்பித் தருகின்றன. மழைக்காலத்தில் குறுகி, மார்கழி, தை மாதங்களில் அகலமாகும் கரை ஆரோக்கியமான கரை. தலைமுறை தலைமுறையாக மீனவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் படகை எங்கே ஏற்றுவது, குடிசையை எங்கே போடுவது என்று முடிவு செய்தார்கள்.

இன்னொரு ஓட்டமும் இருக்கிறது. அலைகள் கரையில் நேராக மோதாமல் சாய்வாக மோதும்போது மணல் கரையோரமாகவே பக்கவாட்டில் நகர்கிறது. ஒரு ஊரின் மணல் அடுத்த ஊருக்குப் போகிறது. அந்த ஊரின் மணல் அதற்கடுத்த ஊருக்கு. வருவதும் போவதும் சமமாக இருக்கும் வரை யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. குறுக்கே ஒரு கல் சுவர் கடலுக்குள் நீண்டால் சுவரின் ஒரு பக்கம் மணல் குவியும். மறுபக்கம் பட்டினி கிடக்கும்.

தமிழர்களுக்கு இது புதிய பாடமல்ல. சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்களைக் கட்டும் வேலை 1876இல் தொடங்கியது. வடக்கு நோக்கிப் போன மணல் துறைமுகத்துக்குத் தெற்கே தேங்கி, இன்று ஊரே பெருமைப்படும் மெரினாவாக விரிந்தது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதிகள் தங்களுக்கு வர வேண்டிய மணலை இழந்தன. அங்கே வீடுகளையும் சாலையையும் காப்பாற்றப் பல தலைமுறைகளாகக் கல் கொட்டப்பட்டு வருகிறது. ஒருவரின் உலாவும் கடற்கரை இன்னொருவரின் இழந்த கடற்கரை.

திருவனந்தபுரத்துக் கரைக்கு மணல் வரும் வழியும் அடைபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் நெய்யாறும் கரமனையாறும் வாமனபுரம் ஆறும்தான் இங்கே புதிய மணல் கொண்டுவந்தவை. நெய்யாற்றிலும் கரமனையாற்றிலும் அணைகள் மணலைத் தேக்கின. தப்பி வந்ததைக் கட்டட வேலைக்கு அள்ளினார்கள். ஆற்று மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தக் கேரள அரசு 2001இல் சட்டம் கொண்டுவந்தபோது ஆறுகளின் படுகை ஏற்கனவே பள்ளமாகியிருந்தது.

கல்லுக்குப் பின்னால் கல்

அரிப்புக்கு அரசு கண்ட முதல் மருந்து கருங்கல். கேரளத்தின் சுமார் 590 கி.மீ. கடற்கரையில் 300 கி.மீ.க்கும் மேல் பல கட்டங்களாகக் கடல் சுவர் போடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு வீடு விழும், மறியல் நடக்கும், எம்.எல்.ஏ. வருவார், லாரியில் கல் வரும். சில ஆண்டுகளில் அந்தக் கல்லும் மணலில் புதைந்துவிடும். காரணம் எளிது. சுவரில் மோதும் அலை வந்த வேகத்தோடு திரும்பும்போது சுவரின் காலடி மணலைத் தோண்டி எடுத்துச் செல்கிறது. சுவர் பின்னால் உள்ள நிலத்தைச் சில காலம் காக்கலாம். முன்னால் உள்ள கரையை அது காப்பதில்லை.

வலை இழுக்கும் மீனவருக்கோ முன்னால் உள்ள கரைதான் முக்கியம். கம்பவலை என்று இங்கேயும், கரமடி என்று குமரி மாவட்டத்திலும் சொல்லும் கரைவலைத் தொழிலுக்கு அகலமான மணல் வேண்டும். ஒரு வள்ளம் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு வர, இரண்டு வரிசையாக ஆட்கள் கரையில் நின்று மணிக்கணக்கில் இழுப்பார்கள். பெரிய முதலீடு இல்லாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் சோறு போட்ட தொழில் அது. கல் சுவர் வந்த இடத்தில் கம்பவலைக்கு இடமில்லை. மீன் உலர்த்தவும் வலை பழுது பார்க்கவும் இடமில்லை. படகை அலையிலிருந்து மேலே ஏற்றவும் இடமில்லை. மழைக்காலம் வந்தால் பூந்துறை, வலியதுறைக்காரர்கள் படகுகளோடு விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விடுகிறார்கள். டீசல், மண்ணெண்ணெய்ச் செலவு கூடுகிறது. மீன் வந்து சேரும் இடம் மாறியதால், தலைச்சுமையாக விற்கும் பெண்களுக்குப் பஸ் செலவும் நேரமும் கூடுகின்றன.

அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவரை மலையாளத்தில் 'புலிமுட்டு' என்கிறார்கள். தமிழ்நாட்டில் கரையோரம் போடப்படும் சிறிய சுவர்களுக்குத் 'தூண்டில் வளைவு' என்று பெயர். பெயர் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். மாவட்டத்தின் வடக்கே முதலப்பொழியில் அதைக் கண்ணால் பார்க்கலாம். வாமனபுரம் ஆறும் கடினங்குளம் காயலும் கடலில் சேரும் முகத்துவாரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்காக இரண்டு புலிமுட்டுகள் கட்டினார்கள். தெற்கே பெருமாதுறையில் மணல் குவிந்து கரை அகன்றது. வடக்கே தாழம்பள்ளியிலும், கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை நிற்கும் அஞ்சுதெங்கிலும் கரை தேய்ந்தது.

அதைவிடக் கொடுமை முகத்துவாரத்திலேயே நடந்தது. இரண்டு சுவர்களுக்கும் இடையே மணல் மேடிட்டு, அதன் மேல் அலை உயர்ந்து எழும்பிப் படகுகளைக் கவிழ்த்தது. இங்கே உயிரிழந்த மீனவர்கள் அறுபதுக்கும் மேல். பாதுகாப்பாக வந்து சேரக் கட்டிய துறைமுகம் ஆள் விழுங்கியானது. 2025 ஏப்ரலில் மணல் முகத்துவாரத்தை முழுவதுமாக அடைத்துவிட, படகுகள் உள்ளேயே சிக்கிக்கொண்டன. தெற்குச் சுவரை நீட்டுவது உள்ளிட்ட ரூ.177 கோடி திட்டத்துக்கு மத்திய அரசு 2024இல் ஒப்புதல் தந்தது. கல் செய்த தவறைத் திருத்த இன்னும் கொஞ்சம் கல்.

தெற்கு எல்லையில் இந்தச் சண்டை இரு மாநிலங்களுக்கு இடையிலானது. பொழியூருக்கு அப்பால் ஒரு கல்லெறி தூரத்தில் தமிழ்நாட்டின் நீரோடி. 1956 வரை இரண்டும் ஒரே திருவிதாங்கூரின் கரைகள். இன்றும் இரு பக்கமும் அதே முக்குவர் சமூகம், அதே மாதா கோவில்கள், தமிழும் மலையாளமும் கலந்த அதே பேச்சு. நீரோடியைக் காக்கத் தமிழ்நாடு தூண்டில் வளைவு போட்டபின் தங்கள் கரை போய்விட்டது என்பது பொழியூர்க்காரர்களின் குற்றச்சாட்டு. எல்லையைக் கடக்கும்போது மணல் அனுமதி கேட்பதில்லை. ஆனால் அதைப் பற்றித் திட்டமிடும் இலாகாக்கள் எல்லைக் கல்லோடு நின்றுவிடுகின்றன.

விழிஞ்ஞம் யாருக்கு?

இத்தனை நாள் புகைந்துகொண்டிருந்த விவகாரத்தைத் தீயாக்கியது விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகம். கேரள அரசும் அதானி குழுமமும் 2015 ஆகஸ்டில் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த டிசம்பரில் முதல்வர் உம்மன் சாண்டி முன்னிலையில் வேலை தொடங்கியது. சர்வதேசக் கப்பல் பாதைக்கு மிக அருகில், இயற்கையாகவே ஆழமான கடல். கொழும்பில் இறக்கி ஏற்றும் இந்தியச் சரக்கை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்ற கனவு கேரளத்தில் கட்சி வித்தியாசமின்றி எல்லோருக்கும் பழையது. அதற்காகக் கடலுக்குள் ஏறத்தாழ 3 கி.மீ. நீளத்துக்குக் கற்களால் ஒரு தடுப்புச் சுவர் எழுந்தது.

மீனவர்களின் வாதம் இது: விழிஞ்ஞத்தில் 1960களில் வேலை தொடங்கிய மீன்பிடித் துறைமுகத்தின் சுவர் வந்த காலத்திலேயே வடக்கே அரிப்பு ஆரம்பித்துவிட்டது. புதிய சுவர் அதைப் பல மடங்காக்கியிருக்கிறது. துறைமுகத்துக்குத் தெற்கே அடிமலத்துறையில் மணல் குவிந்து கரை அகன்றிருப்பதும், வடக்கே வலியதுறையும் சங்குமுகமும் தேய்ந்திருப்பதுமே அதற்குச் சாட்சி.

அரசும் துறைமுக நிறுவனமும் இதை ஏற்கவில்லை. வலியதுறையும் பூந்துறையும் துறைமுக வேலை தொடங்குவதற்கு முன்பே அரிப்புப் பகுதிகள்தான் என்று பழைய ஆவணங்களைக் காட்டுகிறார்கள். கோவளம், விழிஞ்ஞம் பகுதியின் பாறை முனைகள் மணல் ஓட்டத்தை இயற்கையாகவே தடுப்பதால், துறைமுகத்தின் பாதிப்பு சங்குமுகம் வரை எட்டாது என்பது அவர்களின் இன்னொரு வாதம். திட்டத்தை எதிர்த்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியை உறுதி செய்தது. கூடவே கரை மாற்றங்களைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. அந்தக் கண்காணிப்பில் சென்னையின் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஈடுபடுத்தப்பட்டது.

2022 மழைக்காலத்தில் பொறுமை தீர்ந்தது. திருவனந்தபுரம் லத்தீன் கத்தோலிக்க உயர்மறை மாவட்டத்தின் தலைமையில் ஜூலையில் தலைமைச் செயலகத்தின் முன்பு தொடங்கிய போராட்டம் ஆகஸ்ட் 16ஆம் தேதி துறைமுக வாசலுக்கு நகர்ந்தது. வீடிழந்தவர்களுக்கு மறுவாழ்வு, அரிப்பைத் தடுக்க நடவடிக்கை, முதலப்பொழிக்குத் தீர்வு, மானிய விலையில் மண்ணெண்ணெய், வானிலை எச்சரிக்கையால் கடலுக்குப் போகாத நாட்களுக்கு உதவித்தொகை என ஏழு கோரிக்கைகள். ஆறை அரசு பேசித் தீர்க்கத் தயாராக இருந்தது. கட்டுமானத்தை நிறுத்திவிட்டு ஆய்வு நடத்த வேண்டும் என்ற ஏழாவதுதான் தொண்டையில் சிக்கியது. துறைமுகம் வேண்டும் என்று உள்ளூர்க்காரர்களில் ஒரு பிரிவினர் எதிர்ப் பந்தல் போட்டார்கள். நவம்பர் கடைசியில் மோதல் வெடித்து விழிஞ்ஞம் போலீஸ் நிலையம் தாக்கப்பட்டது. முதல்வர் பினராயி விஜயனுடன் பேச்சு நடத்தியபின் டிசம்பர் 6ஆம் தேதி, கட்டுமானம் நிறுத்தப்படாமலேயே, போராட்டம் முடிவுக்கு வந்தது.

இடையே, அக்டோபரில், புனே மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தின் முன்னாள் அதிகாரி எம்.டி.குடாலே தலைமையில் அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அதில் தங்கள் பிரதிநிதி இல்லை என்று போராட்டக்காரர்கள் தாங்களே ஒரு மக்கள் ஆய்வுக் குழுவை அமைத்துக்கொண்டார்கள். ஒரே கரைக்கு இரண்டு குழுக்கள். 2024 ஜூலையில் முதல் தாய்க் கப்பல் வந்தது. 2025 மே 2ஆம் தேதி பிரதமர் மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

கடலும் மாறுகிறது

குற்றம் முழுவதையும் கல்லின் தலையில் சுமத்துவதும் சரியாகாது. அமைதியானது என்று பெயரெடுத்த அரபிக்கடல் இப்போது அப்படியில்லை. 1982 முதல் 2019 வரையிலான புயல்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள், 2001க்குப் பிந்தைய காலத்தில் அரபிக்கடல் புயல்கள் 52 சதவிகிதம் அதிகரித்ததாகக் கண்டார்கள். கடல் நீர் சூடாவதே காரணம். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயல் திருவனந்தபுரம், குமரி மீனவக் குடும்பங்களில் இன்றும் ஆறாத புண். கட்டப்பட்டுக்கொண்டிருந்த துறைமுகச் சுவரின் ஒரு பகுதியையும் அது அடித்துச் சென்றது.

புயலே இல்லாமலும் கடல் வரும். அதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர் வைத்தவர்கள் இந்தக் கரை மீனவர்கள். காற்று இருக்காது, மேகம் இருக்காது. திருடனைப் போல ஓசையின்றிக் கடல் பொங்கி வீட்டுக்குள் நுழைந்துவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், இந்துமாக்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயற்காற்று கிளப்பிவிடும் நீண்ட அலைகள் சில நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கின்றன என்று பின்னர் விஞ்ஞானம் கண்டுபிடித்தது. 2012இல் யுனெஸ்கோ இந்தச் சொல்லையே அறிவியல் பெயராக ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் இப்போது முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. 2024 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறன்று, பொழியூரிலிருந்து அஞ்சுதெங்கு வரை கள்ளக்கடல் புகுந்தது. கரை அகலமாக இருந்தால் அலை மணலிலேயே களைத்துப் போயிருக்கும். மணல் இல்லாத இடங்களில் நேராக வாசற்படிக்கு வந்தது.

கிடங்கிலிருந்து அடுக்குமாடிக்கு

வீடு போனவர்கள் எங்கே போனார்கள்? முதலில் பள்ளிக்கூடங்களுக்கு. பள்ளி திறந்தபின், வலியதுறையில் சிமெண்ட் வைக்கும் கிடங்குக்கு. சேலையாலும் அட்டையாலும் தடுப்பு கட்டி, ஜன்னல் இல்லாத கிடங்கில் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. 2018 வெள்ளத்தில் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியதற்காகக் கேரளத்தின் சொந்தப் படை என்று முதல்வர் பாராட்டியது இதே கரைக்காரர்களைத்தான். போராட்டம் உச்சத்தில் இருந்த 2022இல்தான் கிடங்குவாசிகளுக்கு மாதம் ரூ.5,500 வாடகை உதவி தர அரசு முன்வந்தது.

நிரந்தரத் தீர்வாக அரசு முன்வைப்பது 'புனர்கேஹம்' திட்டம். கடலிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் 18,685 குடும்பங்களை மாநிலம் முழுவதும் கணக்கெடுத்து, ரூ.2,450 கோடி செலவில் அவர்களை உள்ளே குடியமர்த்துவது. குடும்பத்துக்கு ரூ.10 லட்சம், நிலத்துக்கு ஆறு, வீட்டுக்கு நான்கு. விட்டுப் போகும் நிலத்தில் மரங்கள் வளர்த்துப் பசுமை அரண் அமைப்பதாகத் திட்டம். திருவனந்தபுரத்தில் முட்டத்தறையில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 2018இல் ஒரு தொகுதியும், 2025 ஆகஸ்டில் 332 வீடுகள் கொண்ட இன்னொரு தொகுதியும் மீனவக் குடும்பங்களுக்குத் தரப்பட்டன.

கிடங்கிலிருந்து வந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை என்பதில் சந்தேகமில்லை. கதவு இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, இரவில் அலை வராது. ஆனால் மீனவர் வீடு என்பது தூங்கும் இடம் மட்டுமல்ல. விடியுமுன் வாசலில் நின்று காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத்தான் கடலில் இறங்குவதா என்று முடிவாகும். வலை, எஞ்சின், மண்ணெண்ணெய் கேன், மீன் கூடை எல்லாவற்றுக்கும் வீட்டோடு இடம் வேண்டும். மூன்றாம் மாடியில் இதற்கெல்லாம் வழியில்லை. தலைநகர் ஓரத்தில் ஆறு லட்சத்துக்கு நிலம் தேடுபவர்கள் கடலை விட்டு வெகு தூரம் போக வேண்டியிருக்கிறது. மூன்று தலைமுறை ஒரே கூரையில் வாழும் வீட்டுக்கு ஒரே ஒரு பத்து லட்சம் போதாது என்பது இன்னொரு குறை. மீனவர் காலி செய்த கரையில் நாளை ஓட்டல்கள் வரும் என்ற பயம் வேறு. கோவளம் பக்கத்திலேயே இருக்கும்போது அதை வீண் பயம் என்று ஒதுக்க முடியாது.

இந்தக் கரைக்காரர்கள் விட்டுக்கொடுக்கத் தெரியாதவர்களும் அல்ல. 1960களின் தொடக்கத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு இடம் தேடி விக்ரம் சாராபாய் தும்பாவுக்கு வந்தபோது, ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா கேட்டுக்கொண்டதன் பேரில் பள்ளித்துறை மீனவர்கள் தங்கள் தேவாலயத்தையும் வீடுகளையும் தந்துவிட்டு நகர்ந்தார்கள். 1963 நவம்பர் 21ஆம் தேதி இந்தியாவின் முதல் ராக்கெட் அங்கிருந்துதான் புறப்பட்டது. நாடு உயரே போனது. கொடுத்தவர்களின் நிலை அவ்வளவாக உயரவில்லை. கல்வியிலும் சுகாதாரத்திலும் உலகம் புகழும் 'கேரள மாதிரி'யில் சேராமல் விளிம்பில் நிற்பவர்கள் மீனவர்கள் என்று பொருளாதார அறிஞர் ஜான் குரியன் 1995இலேயே எழுதினார்.

வழி இருக்கிறதா?

இப்போது முன்வைக்கப்படும் வழிகளில் முதலாவது, நான்கு கால் கொண்ட காங்கிரீட் கட்டிகள். எர்ணாகுளம் மாவட்டம் செல்லானத்தில் ரூ.344 கோடி திட்டத்தில் ஏழு கி.மீ.க்கு மேல் இவற்றை அடுக்கியபின், ஆண்டுதோறும் மூழ்கிய ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது. ஆனால் சுவர் முடியும் இடத்துக்கு வடக்கே கண்ணமாலியில் கடல் முன்பைவிட உக்கிரமாகப் புகுந்தது. தங்களுக்கும் அதே சுவர் வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். செல்லானம் தருவது நம்பிக்கை, எச்சரிக்கை இரண்டும்.

இரண்டாவது, கரையில் கட்டாமல் கடலுக்குள் கட்டுவது. பெரிய செயற்கை இழைப் பைகளில் மணலை நிரப்பி, கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்குள் அடுக்கினால், அலை அங்கேயே வேகம் குறைந்து, கரையில் மணலைப் போட்டுவிட்டுப் போகும். தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் இந்த வடிவமைப்பு தமிழ்நாட்டில் கடலூர் பெரியகுப்பத்தில் கையாளப்பட்டது. பூந்துறையில் சோதனையாகச் செய்யப்பட்டது. படகு போகத் தடையில்லை, கம்பவலைக்குரிய கரையும் திரும்ப வாய்ப்புண்டு என்பதால் மீனவர்கள் கல் சுவரைவிட இதை விரும்புகிறார்கள். பையின் ஆயுள் எவ்வளவு, கிழிந்தால் யார் பழுது பார்ப்பது என்ற கேள்விகள் இருக்கவே செய்கின்றன.

மூன்றாவது வழி, மணலுக்கு மணலையே திருப்பித் தருவது. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்தபின் நகரத்துக் கடற்கரை முழுவதும் மறைந்து, கருங்கற்கள் மட்டும் மிஞ்சின. துறைமுக வாயிலில் தேங்கிய மணலை அள்ளி வடக்கே கொட்டியும், 2018இல் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தும், தலைமைச் செயலகத்துக்கு எதிரே மறுபடியும் மணலைப் பார்க்க முடிந்தது. நெதர்லாந்து நாட்டில் 2011இல் ஹேக் நகருக்கு அருகே 2 கோடி கன மீட்டருக்கும் மேல் மணலை ஒரே இடத்தில் குவித்து, அலைகளே அதைக் கரை நெடுகப் பரப்பும்படி விட்டுவிட்டார்கள். அத்தனை பணம் கேரளத்திடம் இல்லை. ஆனால் அடிமலத்துறையிலும் பெருமாதுறையிலும் மணல் மலையாகக் கிடக்கிறது. சுவர் தடுத்த மணலைச் சுவர் கட்டியவர் செலவிலேயே மறுபக்கம் கொண்டுபோய்க் கொட்டுவது உலகத் துறைமுகங்கள் பலவற்றில் பழக்கம். அதற்கு முதலில் எவ்வளவு மணல் எங்கே தங்கியது, யாருடைய பங்கு யாரிடம் இருக்கிறது என்று கணக்கு எழுத வேண்டும்.

அந்தக் கணக்குதான் இதுவரை யாருக்கும் பொதுவாக எழுதப்படவில்லை. துறைமுகம் தன் எல்லைக்குள் பார்க்கிறது, நீர்ப்பாசன இலாகா தன் சுவரைப் பார்க்கிறது, மீன்வளத் துறை தன் அடுக்குமாடியைப் பார்க்கிறது, தமிழ்நாடு நீரோடியோடு நின்றுவிடுகிறது. ஊரைக் காலி செய்வதா, கரையை மீட்பதா என்ற கேள்வி மீனவர்களிடம் கேட்கப்படுவதற்கு முன்பே பதில் எழுதியாகிவிடுகிறது.

இனியும் தாமதிக்க நேரமில்லை. விழிஞ்ஞத்தின் அடுத்த கட்டங்களை 2028க்குள் முடிக்க 2024 நவம்பரில் துணை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி தடுப்புச் சுவர் இன்னும் சுமார் 900 மீட்டர் கடலுக்குள் நீளும். முதல் சுவரால் என்ன ஆனது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. இரண்டாவது முறை கல் இறங்கும் முன்பாவது, சுவர் தடுக்கும் மணலை யார், எப்படி வடக்கே சேர்ப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தால், அடுத்த இடவப்பாதியில் பூந்துறையின் இரண்டாம் வரிசை வீடுகள் இரண்டாம் வரிசையாகவே இருக்கலாம்.